செட்டு ஓடுகிறது, செட்டு கட்டுகிறார்கள், செட் ஆகவில்லை

கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரத்தில் வேறெந்தச் சொல்லும் சேர்க்காமல் ‘செட்டு’ என்று மட்டும் சொன்னால், அதற்கு என்ன பொருள் என்பது கேட்பவரின் தொழிலைப் பொறுத்தது. கொல்லையில் நிற்பவருக்கு அது தண்ணீர் இறைக்கும் மோட்டார். மாரியம்மன் திருவிழாவுக்கு ஏற்பாடு செய்பவருக்கு ஒலிபெருக்கி. கொத்தனாருக்குக் கலவை இறுகும் நேரம். டீக்கடைக்காரருக்கு இரண்டு பரோட்டா. கல்லூரிப் பையனுக்குத் தன் கூட்டாளிகள். அதே சாலையில் மேற்கே விருத்தாசலம் போய்ப் பீங்கான் பட்டறையில் கேட்டால் வார்ப்பு அச்சைப் பற்றியோ கொலுப் பொம்மைகளைப் பற்றியோ பேசத் தொடங்குவார்கள். ஒரு வட்டாரத்துக்குள், ஒரு நாளுக்குள், இத்தனை வேலை பார்க்கும் சொல் வேறு ஏதும் உண்டா என்று தெரியவில்லை.

இந்தச் சொல் பிறந்த வீட்டிலும் இப்படித்தான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் மிக நீளமான பதிவு என்ற பெருமை பல பத்தாண்டுகள் ‘செட்’டுக்குத்தான் இருந்தது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்குச் சுமார் 430 பொருள்கள். இப்போது நடந்துவரும் திருத்தத்தில் ‘ரன்’ என்ற வினை 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது. அகராதிக்காரர்களை இவ்வளவு திணறடித்ததற்குக் காரணம், ‘செட்’ என்பது உண்மையில் ஒரு சொல் அல்ல; ஓசையால் ஒன்றாகிப்போன இரண்டு சொற்கள். வினைச்சொல் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது. உட்கார் என்பதற்கு ‘சிட்’; உட்காரவை என்பதற்கு ‘செட்’. நம் அமர், அமர்த்து போலத் தன்வினையும் பிறவினையுமாக அமைந்த இணை அது. தொகுதி, கூட்டம் என்ற பொருள் தரும் பெயர்ச்சொல்லோ லத்தீனில் பின்பற்றுவோரைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே மூலம். காலப்போக்கில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, எது எதன் பொருள் என்று பிரிக்க முடியாமல் போயிற்று.

தமிழுக்கு வந்தபின் சிக்கல் இன்னும் கூடியது. பேச்சில் ‘ட்’ என்று முடிய நம் நாக்கு இடம் கொடுக்காது; ஓர் உகரம் சேர்ந்து ‘செட்டு’ ஆனது. அந்த ஓசையில் ஏற்கெனவே ஒரு தமிழ்ச் சொல் இருந்தது. செட்டு என்றால் சிக்கனம். வணிகம் என்றும் பொருள் உண்டு. ‘கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்’ என்று இன்றும் சொல்கிறோம். மோட்டார் வண்டியும் ரயில் இன்ஜினும் நிற்கும் கொட்டகையான ‘ஷெட்’டும் கிராமத்து நாவில் ‘செட்டு’தான். தகரக் கூரை போட்டதைத் ‘தகர செட்’ என்றே பலர் எழுதவும் செய்கிறார்கள். ஆக, ஆங்கிலத்தில் இரண்டு சொற்களின் கூட்டாக இருந்தது தமிழில் நான்கின் கூட்டாகிவிட்டது.

இத்தனைக்கும் நடுவே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் குழப்பமில்லாமல் புரிகிறதே, எப்படி? விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. பல பொருள் தரும் ஒரு சொல்லை அந்நூலின் கிளவியாக்க இயல் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. சில சொற்கள் தம்மோடு சேரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் பொருள் தெளிவுபடும். சில அப்படித் தெளிவுபடாது. அவற்றை விளக்கமாகவே எடுத்துச் சொல்ல வேண்டும். பூத்தது என்றால் ‘மா’ மரம், ஓடியது என்றால் ‘மா’ விலங்கு என்று பள்ளியில் படித்த அதே இலக்கணம்தான். கம்மாபுரத்துச் செட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். செட்டு ஓடுகிறது என்றால் மோட்டார். செட்டு கட்டுகிறார்கள் என்றால் ஒலிபெருக்கி. செட் போடுகிறார்கள் என்றால் சினிமா. செட்டு சேர்கிறார்கள் என்றால் ஆட்கள். ‘செட்டு வாங்கணும்’ என்றால் மட்டும் புரியாது. உடனே பம்பு என்றோ மைக் என்றோ முன்னால் ஒரு சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் இலக்கணம் இவ்வளவு ஒழுங்காக ஆள்வதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டுக் கிராமங்களின் வாழ்க்கையை மாற்றிய செட்டு என்றால் பம்புசெட்டுதான். நீரை இறைக்கும் பம்பு ஒன்று, அதைச் சுற்றும் மோட்டாரோ எண்ணெய் இன்ஜினோ ஒன்று. இரண்டும் சேர்ந்தது என்பதால் அந்தப் பெயர். கமலையும் ஏற்றமும் போய் அது வந்தபோது பெயரோடு ஒரு புது அரசியலும் வந்தது. எழுபதுகளில் மின்கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1989-க்கும் 1991-க்கும் இடையிலான கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமானது.

கிராமம் இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு பொருளைத் தந்தது. இயந்திரத்தின் பெயர் அதை மூடிய கொட்டகைக்கும், கொட்டகைக்கு முன்னால் நீர் கொட்டும் தொட்டிக்கும், கடைசியில் அந்த இடத்துக்கே பெயராகிவிட்டது. ‘செட்டுல குளிச்சுட்டு வரேன்’, ‘செட்டுகிட்ட மாடு கட்டியிருக்கு’ என்பதில் செட்டு ஓர் இடம். மேலே சொன்ன ‘ஷெட்’ இதற்குத் துணை செய்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். மோட்டார் இருக்கும் கொட்டகை, செட்டு இருக்கும் ஷெட்டு. இரண்டும் நாவில் ஒன்றாகும்போது பொருளும் ஒன்றாவது இயல்புதானே.

கம்மாபுரம் வட்டாரத்தில் இந்தப் பொருளுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. பக்கத்தில் நெய்வேலி. 1956-இல் அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கத்தை வெட்ட முடியும். நிலம் எடுப்பும் நீர்மட்டமும் இந்தப் பகுதி மக்களின் நீண்ட காலப் பேச்சு. நீர் நிற்கும் ஆழம் கூடக் கூடத் தரைக்கு மேலிருந்த பம்பு, குழாய்க்குள் இறங்கும் நீர்மூழ்கி மோட்டாராக மாறியது. அதற்குக் கொட்டகை வேண்டாம். ஒரு சுவிட்சுப் பெட்டி போதும். பேச்சிலும் ‘செட்டு ஓடுது’ போய் ‘போர் ஓடுது’ வந்துகொண்டிருக்கிறது. கருவி மாறியதும் சொல்லும் நகர்ந்துவிட்டது. இன்னும் சில ஆண்டுகளில் ‘செட்டுல குளிக்கிறது’ என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கும்.

மைக்செட்டின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஒலிவாங்கி, பெருக்கி, குழாய் ஸ்பீக்கர், இசைத்தட்டு சுழலும் பெட்டி எல்லாம் சேர்ந்ததுதான் முதலில் செட்டு. பிறகு ஒரே ஒரு ஸ்பீக்கர் வைத்தாலும் மைக்செட்டு. காதுகுத்து, சாவு, தேர்தல், திருவிழா என்று ஊர் கூடும் இடமெல்லாம் அதைக் ‘கட்டுவார்கள்’. மரத்தில் ஏறிக் குழாயைக் கயிற்றால் கட்டிய பழக்கம் அந்த வினையில் தங்கியிருக்கிறது. மேடையில் தூக்கி வைக்கும் இக்காலக் கறுப்புப் பெட்டிகளுக்கும் அதே வினைதான்.

கலைக் குழுவுக்குச் செட்டு என்று பெயர் வந்தது தனியாகக் கவனிக்க வேண்டியது. பேண்டு செட்டு, நையாண்டி மேளச் செட்டு, கரகாட்டச் செட்டு என்கிறோம். ஆனால் கடலூர், விழுப்புரம் பக்கத்தில் தெருக்கூத்துக் குழுவை யாரும் செட்டு என்பதில்லை, அது ‘ஜமா’. உருது வழியாக வந்த சொல். பஜனை பாடுவோர் ‘கோஷ்டி’, அது வடமொழி. நாதஸ்வரக்காரர்களுக்கு மேளம் என்ற கருவியின் பெயரே குழுவுக்கும் பெயர். நான்குமே ஆட்கள் கூடிச் செய்யும் தொழிலைத்தான் குறிக்கின்றன. ஆனாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் காது ஏற்காது. எந்தக் கலை எந்தக் காலத்தில் யார் வழியாக வளர்ந்தது என்ற வரலாறு இந்தப் பெயர்களில் பதிந்து கிடக்கிறது. கடன்சொல் எல்லாமே மொழிக்குக் கேடு என்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஜமாவை எடுத்துவிட்டுக் குழு என்று போட்டால் பொருள் இருக்கும், கூத்து இருக்காது.

சினிமாவின் செட் வேறு கிளை. மேடை நாடகத்திலிருந்து வந்தது. இல்லாத இடத்தை மரத்தாலும் துணியாலும் பிளாஸ்டராலும் உண்டாக்குவதற்கு நாம் ‘செட் போடுவது’ என்கிறோம். பந்தல் போடுவதைப் போல. ‘நாயகன்’ (1987) படத்துக்காகப் பம்பாயின் தாராவியைச் சென்னையில் எழுப்பினார் தோட்டா தரணி. தேசிய விருதும் பெற்றார். அதற்குப் பத்தாண்டு முன்னால், 1977-இல், பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படப்பிடிப்பைச் செட்டை விட்டுக் கிராமத்துக்கு இழுத்துப்போனது. இன்று ஓர் இடம் கொஞ்சம் அழகாக இருந்தாலே ‘செட் போட்ட மாதிரி இருக்கு’ என்கிறோம்.

இனி விருத்தாசலத்துப் பீங்கானுக்கு வருவோம். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணும், அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும், சிறு பட்டறைகளும் சேர்ந்து அந்த ஊருக்குப் பீங்கான் நகரம் என்ற பெயரைத் தந்தன. பொம்மை, விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை எல்லாம் இங்கே உருவாகின்றன. இந்தத் தொழிலின் ஒவ்வொரு கட்டத்திலும் ஆங்கிலச் செட்டின் ஒரு பொருள் இருக்கிறது.

முதலில் அச்சு. ஜிப்சத்தைச் சூடாக்கி அதிலுள்ள நீரில் முக்கால் பங்கை விரட்டினால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொடி. அதில் நீர் ஊற்றியதும் இழந்த நீரைத் திரும்பப் பிடித்துக்கொண்டு, சூடு கக்கி, சில நிமிடங்களில் கல்லாகிறது. இதுதான் ‘செட் ஆவது’. காய்ந்த அந்த அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றினால் அச்சின் சுவர் கூழிலுள்ள நீரை உறிஞ்சும். சுவரை ஒட்டி ஒரு படலம் படியும். வேண்டிய பருமன் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடான பொம்மை நிற்கும். பிறகு சூளை. சுடுவதற்குப் பண்டங்களைச் சூளைக்குள் முறையாக அடுக்குவதை ஆங்கிலப் பாடநூல்கள் ‘செட்டிங்’ என்கின்றன. அவை வளையாமல் தாங்கும் துண்டுகள் ‘செட்டர்’. கடைசியில் விற்பனை. ஆறு கப்பும் ஆறு தட்டும் ஒரு செட். கொலுவுக்குத் தசாவதாரச் செட், அஷ்டலட்சுமி செட், கல்யாணச் செட். கொலு வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். தசாவதாரத்தில் ஒரு வாமனர் உடைந்தால் மற்ற ஒன்பதுக்கும் மதிப்புக் குறைந்துபோகும். முழுமையில்தான் விலை என்பது பெயர்ச்சொல் செட்டின் உயிர்ப்பொருள். ஓர் உருப்படியைக் கட்டி நிறுத்துவது, உரிய இடத்தில் வைப்பது, கூட்டமாக நிறைவு செய்வது என்று அந்தச் சொல்லின் மூன்று பெரும் பொருள்களையும் ஒரே பட்டறையில் காணலாம்.

கொத்தனார் வேலையிலும் இதே இறுகல்தான். சாதாரணச் சிமெண்டு இறுகத் தொடங்க 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, இறுகி முடிய 600 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கலவை இறுகத் தொடங்கியபின் தண்ணீர் விட்டுக் கிளறினால் வலு போய்விடும். ‘செட் ஆயிடுச்சு, தொடாதே’ என்று கொத்தனார் சொன்னால் அந்த எச்சரிக்கையை மதிக்க வேண்டும்.

அளவைச் சொல்லாகவும் செட்டுக்கு நல்ல வேலை இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து வந்த செட் தோசை இங்கே வடகறியோடு சேர்ந்துகொண்டது. சிதம்பரத்துக் கவரிங் கடையில் தோடு, நெக்லஸ், வளையல் எல்லாம் சேர்ந்தது ஒரு செட். தமிழில் இதற்குச் சொல் இல்லாமலில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தனிச்சொல் இருந்தது. செருப்புக்கு ஜோடி, உழவு மாட்டுக்கு ஏர், வாழைக்குச் சீப்பும் தாரும், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாத்திரத்துக்கு அடுக்கு, திருமணப் பண்டங்களுக்குச் சீர்வரிசை. பொதுவாகச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டபோது செட் அந்த இடத்தில் உட்கார்ந்தது. அரசு ஆவணங்கள் பள்ளிச் சீருடையை ‘நான்கு இணை’ என்று எழுதுகின்றன. இணை என்றால் இரண்டு. சட்டையும் கால்சட்டையும் இரண்டுதான் என்பதால் அது பொருந்துகிறது. துப்பட்டாவும் சேர்ந்தால் மூன்றாகிவிடும்.

கணிதம் இதில் தனிக் கவனம் பெற வேண்டியது. ஜெர்மானியரான கேன்டர் 1874-இல் தொடங்கிவைத்த கோட்பாட்டைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கணம்’ என்கின்றன; இலங்கைப் பாடநூல்கள் ‘தொடை’ என்கின்றன. கணம் கூட்டத்தைக் குறிக்கும் வடசொல். தொடையோ தொடு என்னும் வேரிலிருந்து வந்து, தொடுத்த மாலையையும் செய்யுளின் எதுகை மோனைக் கட்டையும் குறித்த சொல். உறுப்புகளைச் சேர்த்துக் கட்டியது என்ற கருத்தை அது உள்ளபடியே தருவதால் இலங்கையின் தேர்வே சிறந்தது என்பேன். வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபோது வேறு வழி பிறந்தது. பல பாகங்களின் தொகுதி என்பதால் ஆங்கிலம் அதைச் செட் என்றது; நாம் வடிவத்தைப் பார்த்துப் ‘பெட்டி’ என்றோம். வானொலிப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் யாரும் கற்பிக்காமலே நிலைத்தன. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வையும் ‘செட்’ என்கிறோம். அது முதலெழுத்துகளின் சுருக்கம், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை பெயர்ச்சொற்கள். புதுப் பொருளோ புது ஏற்பாடோ வந்தது, பெயரும் கூடவே வந்தது. தமிழ் எதையும் இழக்கவில்லை. வினையில் நிலைமை வேறு. ஆங்கிலத்தில் செட் என்னும் ஒரே வினை செய்யும் வேலைகளுக்குத் தமிழ் வைத்திருக்கும் சொற்களைப் பாருங்கள். தயிர் தோயும். கலவை இறுகும். முறிந்த எலும்பு கூடும். சூரியன் சாயும். கல்லை மோதிரத்தில் பதிப்பார்கள். நாள் குறிப்பார்கள். பொறி வைப்பார்கள். பாட்டுக்கு மெட்டு அமைப்பார்கள். ஒவ்வொரு செயலின் தன்மையும் தெரிந்து வைத்த பெயர்கள். நல்ல வேளையாக இவற்றில் பலவற்றை ‘செட்’ தொடவில்லை. சூரியன் செட் ஆகிறது என்று யாரும் சொல்வதில்லை.

தொட்ட இடத்தில்தான் சேதம். ‘செட் ஆகு’, ‘செட் பண்ணு’ என்று ஆகு, பண்ணு சேர்த்துத் தன்வினையும் பிறவினையும் ஆக்கிக்கொண்டது தமிழின் கெட்டிக்காரத்தனம். இலக்கணத்தில் குறை காண இடமில்லை. ஆனால் இன்று வரன் செட் ஆகலை, வேலை செட் ஆகலை, சட்டை செட் ஆகலை, அந்த ஊர்த் தண்ணீர் செட் ஆகலை, இரண்டு பேருக்கும் செட் ஆகலை. எல்லாவற்றுக்கும் ஒரே விடை. நம் பெரியவர்கள் வரன் தகையலை என்பார்கள்; வேளை கூடி வரலை என்பார்கள். வேலை அமையும், வாய்க்கும். சட்டை பொருந்தும். தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும். இடம் தோதுப்படும். இரண்டு மனம் ஒட்டும், ஒத்துப்போகும். ‘அமையலை’ என்றால் காலம் வரவில்லை என்ற ஆறுதல் அதில் இருக்கிறது. ‘ஒட்டலை’ என்றால் முயன்று பார்த்தது தெரிகிறது. ‘செட் ஆகலை’ என்பதில் காரணம் மறைந்துவிடுகிறது. கேட்டவரும் மேற்கொண்டு கேட்பதில்லை. பிரிவைச் சொல்ல வேண்டிய இளைஞர்களுக்கு அந்த மறைப்பே வசதியாக இருக்கலாம், புரிகிறது. ஆனால் வேறு சொல்லே தெரியாமல் அதைச் சொல்லும் நிலை வரக் கூடாது.

‘செட்டப்’ என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்பாடு என்ற பொருளில் வந்த அந்தச் சொல்லைத் திருமணத்துக்கு வெளியே ஒருவரோடு வாழும் பெண்ணைக் குறிக்கத் தமிழ்நாட்டு ஆண்கள் பயன்படுத்தினார்கள். சினிமா வசனங்கள் பரப்பின. ஒரு மனுஷியை ஏற்பாடாகச் சுருக்கும் இந்தப் பொருள் ஆங்கிலத்தில் இல்லை, நாம் உண்டாக்கியது. இதைக் கைவிடுவதால் யாருக்கும் நட்டமில்லை.

ஒரு சொல்லின் பல பொருள்களைத் திரட்டுவது தமிழுக்குப் புதிதல்ல. திவாகரம் என்னும் பழைய நிகண்டில் பதினோராம் தொகுதி ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி. திவாகரமும் அதன் வழியில் வந்த நிகண்டுகளும், ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று திரட்டி வைத்தன. வட்டாரச் சொற்களுக்கு அந்த வேலையைக் கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்கு அகராதியில் தொடங்கினார். கம்மாபுரம், விருத்தாசலம் மண்ணுக்கு அதைச் செய்தவர் மணக்கொல்லையில் பிறந்த கண்மணி குணசேகரன். அவரது நடுநாட்டுச் சொல்லகராதி இந்த மக்களின் பேச்சுக்குக் கிடைத்த பெரும் சொத்து. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே அதைத் தொகுத்தார்.

அடுத்த வேலை காத்திருக்கிறது. பட்டறையில், கொல்லையில், மேளக்காரர் வீட்டில், கட்டட வேலையில் புழங்கும் கடன்சொற்கள் என்னென்ன பொருளில் வழங்குகின்றன, எந்த வினையோடு சேர்கின்றன, எந்தத் தமிழ்ச் சொல்லின் இடத்தைப் பிடித்தன என்று ஊர் ஊராக எழுதி வைக்க வேண்டும். விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியின் தமிழ் மாணவர்களும் பீங்கான் பயிலகத்து மாணவர்களும் ஒரு விடுமுறைக் காலம் சேர்ந்து உட்கார்ந்தால் இந்த வட்டாரத்துக்கு மட்டுமாவது முடித்துவிடலாம். பம்புசெட்டுக் கொட்டகையில் குளித்து வளர்ந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.